மறந்துடு என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள்

2004-ஆம் வருடம் காவிரிப் படுகையின் பிள்ளைகளுக்கு ஆகாத வருடம். ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கீற்றுக்கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் ஊருக்குள் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

அன்று மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு இப்போது முப்பது வயதை ஒட்டி இருக்கும். வேலை, கல்யாணம், இடுப்பில் ஒரு குழந்தை என்று வாழ்க்கை நகர்ந்திருக்கும். பட்டாசுப் புகை வந்ததும் எழுந்து உள்ளே போய்விடுகிறவர், கடற்கரைக்குப் போகலாம் என்றால் "தலைவலி" என்று ஒதுங்குகிறவர் நம் பக்கத்து நாற்காலியிலேயே இருக்கலாம். காரணம் கேட்டால் சொல்ல மாட்டார். பல நேரம் அவருக்கே அது தெரியாது.

தீயும் கடலுமாவது ஊரறிந்த துயரம். பத்திரிகையில் வந்தது, கலெக்டர் வந்தார், நிவாரணம் வந்தது. நான்கு சுவருக்குள் நடப்பதற்கு அந்தச் சாட்சியும் கிடையாது. குடித்துவிட்டு வரும் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் போர்வைக்குள் மூச்சை அடக்கிக்கொண்ட பிள்ளை உண்டு. "மாமா நல்லவர்தானே, போய்ட்டு வா" என்று அனுப்பப்பட்ட பிள்ளை உண்டு. அம்மா எங்கே போனாள் என்று யாரும் சொல்லாமலே வளர்ந்த பிள்ளையும் உண்டு. இவர்கள் எல்லோரிடமும் நாம் சொன்னது ஒரே சொல்தான்: "மறந்துடு."

அக்கறையோடுதான் சொன்னோம். "பழசைக் கிளறாதே", "காலம் எல்லாத்தையும் ஆத்திடும்", "வெளிய சொன்னா நமக்குத்தான் அசிங்கம்" என்று அதற்குத் துணைச் சொற்களும் வைத்திருந்தோம். அந்த அறிவுரை தவறு. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

சாவு வீட்டில் பிள்ளைகள்

துக்கத்தை வெளியே விடத் தெரியாத சமூகம் இல்லை நாம். ஒப்பாரி வைக்கும் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு, போனவர் வாங்கித் தந்த முதல் புடவையிலிருந்து கடைசியாகச் சாப்பிட்ட சோறு வரைக்கும் வரிசையாகச் சொல்லி அழுவார்கள். நடந்ததைக் கோவையாகச் சொல்வது, கேட்க ஆள் சுற்றி இருப்பது, உடம்பு குலுங்க அழுவது, கருமாதியன்று ஒரு முடிவுக்குக் கொண்டுவருவது என்று இன்றைய சிகிச்சை அறையில் நடப்பதில் பாதி அங்கேயே இருந்தது. ஆனால் அது பெரியவர்களுக்கு மட்டும்.

என் ஒன்பதாவது வயதில் எங்கள் வீட்டில் ஒரு சாவு. விடியற்காலையில் எழுப்பி எதிர்வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டு அக்கா தட்டு நிறைய முறுக்கு வைத்து, "சாப்பிடு, ஒண்ணும் ஆகல" என்றார். ஜன்னல் வழியாகப் பறைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சாயங்காலம் திரும்பிப் போனபோது கட்டில் இருந்த இடம் கழுவிவிடப்பட்டு ஈரமாக இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் முறுக்கு வாசனை வந்தால் அந்த ஈரத்தரைதான் ஞாபகம் வருகிறது. என்னுடையது எல்லா வீட்டிலும் வரும் துக்கம். அது என் வாழ்க்கையை ஒன்றும் செய்துவிடவில்லை. பெரிய அடி வாங்கிய பிள்ளையையும் நாம் இப்படித்தான் முறுக்கைக் கொடுத்து எதிர்வீட்டில் உட்காரவைக்கிறோம் என்பதால் சொன்னேன்.

மறப்பது ஏன் முடிவதில்லை? சாதாரண நினைவோடு இடமும் காலமும் ஒட்டியிருக்கும். போன வருடம் திருச்செந்தூர் போனது முடிந்துபோன விஷயம் என்று மூளைக்குத் தெரியும். உயிர்ப்பயத்தில் பதிந்த நினைவு அப்படி அடுக்கப்படுவதில்லை. மூளையில் ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா முழு வேகத்தில் ஓடும்போது, எங்கே, எப்போது, எதற்குப் பின் எது என்று கோத்து வைக்கும் ஹிப்போகேம்பஸ் தடுமாறுகிறது. ஒரு வாசனை, ஒரு சத்தம், ஒரு கை என்று துண்டு துண்டாகப் பதிகிறது. இருபது வருடம் கழித்து அதே வாசனை மூக்கில் ஏறும்போது, "அன்றைக்கு நடந்தது" என்று உடம்பு எடுத்துக்கொள்வதில்லை. இப்போது நடப்பதாகவே நினைத்து வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிடுகிறது. அந்த நினைவை அவர் கூப்பிடுவதில்லை, தானே வந்து மோதுகிறது. அதனிடம் "மறந்துடு" என்பது எடுபடாது.

இலங்கைத் தமிழர்கள் இதற்கு "மனவடு" என்று சொல்கிறார்கள். வடு என்றால் ஆறிய காயத்தின் தழும்பு. உள்ளே ஆறாமல் இருப்பது இன்னும் வடுவாகவில்லை, புண்ணாகத்தான் இருக்கிறது. உளவியல் சிகிச்சையின் வேலை என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: புண்ணை வடுவாக்குவது. தழும்பு இருக்கும். தொட்டால் வலிக்காது.

கயிறு, கல், பூ

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு தமிழ்ச் சான்றே இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் ஓர் அகதி முகாம். அங்கிருந்த பிள்ளைகளுக்கு முதல் அடி போர், இரண்டாவது அடி கடல். ஜெர்மனியில் மாகி ஷாவர், ஃப்ராங்க் நாய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் உருவாக்கிய ஒரு சிகிச்சை முறையைப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றி, அங்கே பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் செய்து பார்த்தார்கள்.

முறை எளிமையானது. தரையில் ஒரு கயிற்றைப் போடுவார்கள். ஒரு முனை பிள்ளை பிறந்த நாள். அங்கிருந்து தொடங்கி, நல்லது நடந்த இடங்களில் பிள்ளை ஒரு பூவை வைக்கும், கெட்டது நடந்த இடங்களில் ஒரு கல்லை வைக்கும். எந்தக் கல் பெரியது, எது சிறியது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யும். முதல் நாள் அவ்வளவுதான். எந்தக் கல்லையும் அன்றைக்குப் புரட்டுவதில்லை. ஆனால் இதுவரை தலைக்குள் ஒரே இருட்டாகக் கிடந்தது இப்போது கண்ணெதிரே வரிசையாகக் கிடக்கிறது. பெரிய கல்லுக்கு முன்னாலும் பூ இருக்கிறது, பின்னாலும் பூ இருக்கிறது. கயிற்றின் மறுமுனையை விரிக்காமல் சுருளாகவே விட்டுவிடுவார்கள். அது இனி வாழப்போகும் வருடங்கள்.

அடுத்தடுத்த அமர்வுகளில் ஒவ்வொரு கல்லாக எடுப்பார்கள். அப்ப என்ன சத்தம் கேட்டது, காலில என்ன பட்டது, இப்ப அதைச் சொல்லேக்க உடம்பில எங்க தெரியுது என்ற மாதிரிக் கேள்விகள் வரும். பயம் ஏறும்போது ஆலோசகர் விலகிப் போவதில்லை, அவசரப்படுத்துவதும் இல்லை. அந்த நேரத்தின் தொடக்கத்திலிருந்து, பிள்ளை பாதுகாப்பான இடத்துக்கு வந்து சேர்ந்தவரை கூடவே நடக்கிறார். சொன்னதை எழுதி, அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டுகிறார். பிள்ளை திருத்துகிறது. கடைசியில் அந்தக் கதை, எழுத்தில், பிள்ளையின் கைக்கு வருகிறது. துண்டு துண்டாகக் கிடந்ததற்கு ஒரு தொடக்கமும் முடிவும் கிடைத்துவிட்டது.

அந்த முகாமில் 31 பிள்ளைகள் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்குக் கயிறும் கல்லும் கொண்ட கதை முறை. இன்னொரு குழுவுக்குத் தியானமும் உடம்பைத் தளர்த்தும் பயிற்சியும். இரண்டுக்கும் ஆறு அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81 சதவீதம், இரண்டாவதில் 71 சதவீதம் பிள்ளைகள் மீண்டிருந்தார்கள். 2009-இல் வெளியான ஆய்வு இது. இரண்டு குழுவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். சிகிச்சையே பெறாத மூன்றாவது குழு இல்லாததால், சில பிள்ளைகள் தாமாகவே தேறியிருக்கவும் கூடும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. இரண்டு குழுவிலும் பயிற்சி பெற்ற ஒரு பெரியவர், அந்தப் பிள்ளையின் மொழியில், ஆறு முறை எதிரே உட்கார்ந்தார். அதற்கு முன் எத்தனை பேர் அப்படி உட்கார்ந்திருப்பார்கள்?

எடை குறைந்ததும் ஓடியவர்கள்

சிறுவயதுக் காயம் மனதோடு நிற்பதில்லை என்பது ஓர் எடைக்குறைப்பு கிளினிக்கில்தான் தெரிய வந்தது. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1980-களில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் அதை நடத்தினார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிடுவது அவருக்குப் புரியவில்லை. அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தார். பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. பருத்த உடம்பு அவர்களுக்குக் கவசமாக இருந்திருக்கிறது. மருத்துவர் நோய் என்று நினைத்ததை அவர்கள் பாதுகாப்பாக வைத்திருந்தார்கள்.

பிறகு ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளரோடு சேர்ந்து பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சிறுவயது அனுபவங்களைக் கேட்டார் ஃபெலிட்டி. முதல் முடிவுகள் 1998-இல் வெளியாயின. நான்கு வகைக் கொடுமைகளையோ அதற்கு மேலோ கண்டவர்களுக்குக் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, எதையும் காணாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை அதிகம். இதயநோயும் கல்லீரல் நோயும்கூடக் கூடின. கேட்கப்பட்டவர்கள் ஏழைகள் இல்லை. மருத்துவக் காப்பீடு உள்ள நடுத்தர வர்க்கத்தார்.

தாம் கண்ட கொடுமை வகைகளை எண்ணி, இந்தக் கணக்கை இப்போது சிலர் ஜாதகம்போலப் பார்க்கிறார்கள். "என் ஸ்கோர் ஆறு, அதனால் என் கதை முடிந்தது" என்று எண்ணுவது தவறு. கூட்டத்துக்குப் போட்ட கணக்கு அது. ஒரு மனிதரின் நாளையை அது சொல்லாது. ஏன் என்பதற்கு ஒரு தீவுக்குப் போக வேண்டும்.

கவாய் தீவின் 698 குழந்தைகள்

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் தன் குழுவோடு பின்தொடர்ந்தார். ஒரு வயதில், இரண்டு வயதில், பத்தில், பதினெட்டில், முப்பத்திரண்டில், நாற்பதில் என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். வெர்னரே இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மனியில் குழந்தையாக இருந்தவர்.

அந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, குடி, பெற்றோரின் மனநோய், ஓயாத சண்டை என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்கள். இவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குப் படிப்பிலோ நடத்தையிலோ மனநலத்திலோ சிக்கல்கள் வந்தன. மீதி ஒரு பங்கு, அதே வீடுகளில் அதே அடிகளை வாங்கியும், தெளிவும் பரிவும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். இந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால், அவர்களுடைய கதைகளில் ஓர் ஆள் வந்துகொண்டே இருக்கிறார். ஒரு பாட்டி, ஓர் ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர். தன்னை விசேஷமாக நினைத்த, தான் வந்தால் முகம் மலர்ந்த ஒருவர். கூடவே ஏதாவது ஒரு பொறுப்பு: தம்பியைப் பார்த்துக்கொள்வது, ஏதோ ஒன்றில் கைதேர்ந்திருப்பது. நம் ஊர்ப் பாட்டிகளை நினைத்துக்கொண்டேதான் அந்த ஆய்வின் பக்கங்களைப் படித்தேன்.

அதைவிட எனக்கு ஆறுதல் தந்தது பிற்பாதி. பதினெட்டு வயதில் "இது தேறாது" என்று தோன்றிய பிள்ளைகளில் பெரும்பாலோர் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் நிமிர்ந்துவிட்டார்கள். விட்ட படிப்பைத் தொடர்ந்தது, நிலையான ஒரு துணை கிடைத்தது, ஒரு வேலை, ஒரு கோயில் கூட்டம் என்று ஏதோ ஒரு கதவு இரண்டாவது முறையாகத் திறந்திருக்கிறது. மீண்டெழுவது பிறவிக் குணம் என்றால், பதினெட்டில் இல்லாதது நாற்பதில் எப்படி வந்தது?

அந்தத் தீவில் உளவியல் சிகிச்சையால் திரும்பியவர்கள் மிகச் சிலரே. அப்படியானால் சிகிச்சையைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். எல்லோருக்கும் பாட்டி வாய்ப்பதில்லை. பாட்டி இருந்தும் அவரிடம் சொல்ல முடியாதவை உண்டு. முகம் சுளிக்காமல், ஊரில் சொல்லாமல், அழுதுவிடுவாரோ என்று நாம் பயப்படத் தேவையில்லாமல் கேட்கும் ஓர் ஆளைப் படிப்பாலும் பயிற்சியாலும் உருவாக்க முடியும் என்ற கண்டுபிடிப்புதான் உளவியல் சிகிச்சை.

அறைக்குள் நடப்பது

கவுன்சலிங் என்றால் நம் ஊரில் புத்திமதி என்று அர்த்தமாகிவிட்டது. "எல்லாத்தையும் பாசிட்டிவா எடுத்துக்கோங்க" என்று ஒருவர் சொல்லி அனுப்பினால் அது சிகிச்சை இல்லை. உண்மையான சிகிச்சையில், பல நேரம் முதல் சில வாரங்களில் பழைய கதையைத் தொடவே மாட்டார்கள். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, இப்போது இருக்கும் வீடு பாதுகாப்பானதா என்று பார்ப்பார்கள். படபடப்பு ஏறும்போது பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லி, இன்றைய தேதிக்குத் திரும்பி வரப் பழக்குவார்கள். பிறகுதான் நடந்ததைப் பேசுவது, அதற்காக அழுவது. அதன் பின் மனிதர்களோடு மறுபடி சேர்வது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதிய நூலில் வகுத்த இந்த மூன்று படிகள் இன்றும் பல சிகிச்சையாளர்களுக்கு வழிகாட்டி. காயத்தை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும், கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது.

எந்த முறையானாலும் ஒரு முடிச்சு கட்டாயம் அவிழ்க்கப்பட வேண்டும்: "நான்தான் காரணம்." கொடுமைக்கு ஆளான பிள்ளை ஏறக்குறைய எப்போதும் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறது. "நான் கத்தியிருக்கலாம்", "நான் அந்த வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது." நாற்பத்தைந்து வயதில் உட்கார்ந்து அன்றைய பிள்ளைமீது தீர்ப்புச் சொல்கிறோம். இதற்கு ஒரு பயிற்சி உண்டு. வீட்டுக்குப் போகும் வழியில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்றைக் கவனியுங்கள். அதன் மணிக்கட்டு எவ்வளவு மெலிதாக இருக்கிறது, புத்தகப்பை முதுகை எப்படி இழுக்கிறது, சாலையைக் கடக்க யார் கையைத் தேடுகிறது என்று பாருங்கள். அவ்வளவு சின்னதாகத்தான் அன்றைக்கு நாமும் இருந்தோம். அந்தக் கையால் எதைத் தடுத்திருக்க முடியும்?

மோசமான சிகிச்சையும் உண்டு. முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டச் சொல்கிறவர், மூன்றே அமர்வில் குணம் என்று வாக்களிக்கிறவர், ஹிப்னாடிசத்தால் மறந்ததை வெளியே எடுக்கிறேன் என்கிறவர், பேசியதை உங்கள் வீட்டாரிடம் சொல்கிறவர் ஆகியோரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைத்திருப்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. தூக்கமே இல்லை, சாவு எண்ணம் வருகிறது என்றால் மனநல மருத்துவரிடம் மாத்திரையும் வேண்டியிருக்கும். அது தோல்வி இல்லை. தனியார் கட்டணம் பலருக்கு எட்டாது என்பது உண்மை. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் மருந்து கிடைக்கும் அளவுக்கு, உட்கார்ந்து கேட்க நேரமும் ஆளும் கிடைப்பதில்லை. வெறும் ஐந்து நிமிடத்தில் யாராலும் ஒரு கல்லையும் புரட்ட முடியாது. அரசு முதலில் சரிசெய்ய வேண்டியது இதுதான்.

முதலில் கேட்கிறவர்

போரிஸ் சிருல்னிக் 1937-இல் பிரான்சின் போர்தோ நகரில் பிறந்த யூதர். பெற்றோர் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். 1944-இல், ஆறு வயதில், பிடித்துக்கொண்டு போகப்பட்ட இடத்தில் கழிப்பறைக்குள் ஒளிந்து தப்பினார். போர் முடிந்ததும் அதைச் சொன்னார். பெரியவர்கள் நம்பவில்லை, சிரித்தார்கள். பிள்ளை வாயை மூடிக்கொண்டது. பிறகு மனநல மருத்துவராகி, மீண்டெழும் திறன் என்ற கருத்தைப் பிரான்சில் பரப்பியவர் அவர்தான். தன் குழந்தைப்பருவத்தை விரிவாகச் சொன்ன நூலை 2012-இல் வெளியிட்டபோது அவருக்கு 75 வயது. நாஜிகளிடம் தப்பிய பிள்ளையைப் பல பத்தாண்டுகள் ஊமையாக்கியது, கேட்டவர்களின் சிரிப்பு.

நம் நாட்டில், மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர், 53 சதவீதம் பேர், ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சொன்னார்கள். அவர்களில் ஆண் பிள்ளைகள் பாதிக்குச் சற்று அதிகம். பையன்தானே, அவனுக்கு என்ன ஆகும் என்ற எண்ணத்துக்கு அந்த எண் பதில். 2012-இல், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் வந்தது. குற்றம் தெரிந்தும் புகார் செய்யாதிருப்பது அதன்படி தண்டனைக்குரியது. சட்டம் வருவதற்கு முன்பே பிள்ளைக்கு ஒரு பதில் வேண்டும், அது முதலில் கேட்கும் உங்களிடமிருந்துதான் வர வேண்டும். "நான் நம்புறேன். உன்மேல தப்பு இல்ல. சொன்னது நல்லது." இதைச் சொல்லிவிட்டுப் பிறகு பதறுங்கள்.

அன்றைக்கு யாரும் அப்படிச் சொல்லாமல் வளர்ந்துவிட்டவர்களுக்கும், முப்பதோ ஐம்பதோ எழுபதோ, அந்தப் பதில் இன்னும் கிடைக்கும். உங்கள் கணவரோ, அக்காவோ, நண்பரோ ஒரு நாள் அதைப் பேச வாயெடுத்தால் டி.வி.யை அணைத்துவிட்டு உட்காருங்கள். பேச வேண்டியவர் நீங்களே என்றால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் இல்லை, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கு 1098. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926.